எழுத்தும் எண்ணும்: கணினித் தமிழ்த் தரப்பாட்டின் நெடும்பயணம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் தொடர்ந்து நடைபெறுவது எளிய செயலன்று. திங்கள்தோறும் கூடி, கவிதை படித்து, குறைகூறிக் கொண்டு, பின்னும் நட்புக் குறையாமல் பிரிந்து செல்லும் பண்பு நம் வட்டத்திற்கு வாய்த்திருக்கிறது. இந்நன்னாளில் யாப்பைப் பற்றியோ புதுக்கவிதையைப் பற்றியோ பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நானோ கவிதைக்கும் முந்தியதொன்றைப் பற்றிப் பேச விழைகிறேன். நாம் எழுதும் எழுத்து, கணினிக்குள் எவ்வாறு நிற்கிறது, அது நிலைத்து நிற்குமா என்பதே என் பொருள்.

இது பொறியாளர்களின் கவலையன்றோ, கவிஞர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஓலைச்சுவடிக் காலத்தில் எழுத்தாணியும் ஓலையும் புலவர்க்குத் தொடர்பில்லாப் பொருள்களாக இருந்தனவா? செல்லரித்த ஓலையோடு அழிந்த நூல்கள் எத்தனை என்று இன்றும் நாம் வருந்துகிறோம். இன்றைய ஓலை கணினிக் கோப்பு. அதையும் அரிக்கும் செல் ஒன்று உண்டு. அதன் பெயர் தரப்பாடின்மை.

இம்மண்ணுக்குரிய கேள்வி

பலரும் ஒன்றுபட்டு ஒரு முறையை ஏற்றுக்கொள்வது பற்றிய சிந்தனை இம்மண்ணுக்குப் புதியதன்று. 1916ஆம் ஆண்டில், சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி அவர்களும் வெங்கடசுப்பையர் அவர்களும் சேர்ந்து தமிழில் அறிவியல் கலைச்சொற்களை வகுக்கச் சங்கம் ஒன்று நிறுவி, அதற்கென இதழும் வெளியிட்டனர். பாரதியாரும் அம்முயற்சியைக் குறித்து எழுதினார். ஓர் ஆசிரியர் ஒரு சொல்லையும் மற்றோர் ஆசிரியர் வேறொரு சொல்லையும் ஆண்டால் மாணவன் மயங்குவான். எல்லாரும் ஒரு சொல்லை ஏற்றால் அறிவு பரவும் என்பதே அம்முயற்சியின் உட்கிடக்கை. நூறாண்டு கடந்தும் அப்பணி முற்றுப் பெறவில்லை. தரப்பாடு மெல்ல வளர்வது என்பதற்கு முதற் சான்று நம் சேலத்திலேயே இருக்கிறது.

மற்றொரு சான்றும் நம் உழவர் பெருமக்களுக்குத் தெரியும். தானியத்தை வள்ளத்தாலும் படியாலும் அளந்த காலத்தில், ஓரூர் அளவு மற்றோரூர் அளவோடு ஒத்துப் போகாது. சந்தையில் அளவைப் பற்றிய வழக்கே பாதிப் பொழுதைத் தின்றுவிடும். 1956ஆம் ஆண்டின் எடையளவைச் சட்டம் வந்தபின், படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் நிலைபெற்றன. எனினும் நம் பாட்டிமார் வாயில் வள்ளம் நெடுங்காலம் வழங்கியே வந்தது. சட்டம் ஒரு நாளில் வரும்; பழக்கம் ஒரு தலைமுறை எடுத்துக்கொள்ளும்.

எழுத்து மாறி வந்த வரலாறு

கணினிக்கு வருமுன், தமிழெழுத்து தன் வடிவத்தைத் திருத்திக்கொண்ட வரலாற்றைச் சுருக்கமாக நினைவு கூர்வோம். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடு தோன்றாமல் எழுதப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இவ்வேறுபாட்டைக் காட்ட வகை செய்தார். அச்சு வந்து பரவிய பின்னரே அது யாவர்க்கும் உரிய வழக்காயிற்று.

அடுத்து, அண்டை மாவட்டமாகிய ஈரோட்டிற்குரிய தந்தை பெரியார், 1935ஆம் ஆண்டில் தம் இதழ்களில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகள் தனித்தனி வடிவம் பெற்றிருந்ததை விடுத்து, ஏனைய எழுத்துகளைப் போலவே காலும் கொம்பும் ஐகாரக் குறியும் பெற்று நிற்கும்படி எழுதினார். துதிக்கை வைத்த லையும் ளையும் எழுதிப் பழகிய மூத்தோர் சிலர் இந்த அவையிலும் இருப்பீர்கள். தமிழ்நாடு அரசு இம்முறையை ஏற்று ஆணையிட்டது 1978ஆம் ஆண்டில், பெரியார் நூற்றாண்டையொட்டி, எம்.ஜி.ஆர். அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது. இடைப்பட்டவை 43 ஆண்டுகள். பின்னர்ச் சிங்கப்பூரும் மலேசியாவும் இதனை ஏற்றன.

தட்டச்சுப் பொறியின் கதையும் இவ்வகையதே. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தார். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்குவதே அவர் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல். எழுத்தைத் துண்டுகளாக்கி, புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியே அடித்துச் சேர்க்கும் உத்தி அங்குப் பயன்பட்டது. சேலத்திலும் நாமக்கல்லிலும் கடைவீதி மாடிகளில் இருந்த தட்டச்சுப் பயிலகங்களில், அரசுத் தேர்வுக்கு விரல் பழக்கிய ஆயிரக்கணக்கான இளைஞர்க்கு அதுவே தமிழெழுத்தின் இலக்கணமாயிற்று. அவ்விரற் பழக்கம் கணினிக் காலத்திலும் தொடர்ந்தது. அதன் நன்மையையும் தீமையையும் பின்னர்க் காண்போம்.

ஒவ்வொருவர்க்கும் ஒரு முறை

கணினி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அவ்வெண்ணைச் சேமித்து, திரையில் காட்டும்போது எண்ணுக்குரிய வடிவத்தை வரைகிறது. எனவே எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் உலகம் உடன்பட வேண்டும். ஆங்கிலத்திற்கு 1960களிலேயே அவ்வுடன்பாடு ஏற்பட்டது. தமிழுக்கு ஏற்படவில்லை.

1980களிலும் 1990களிலும் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் தத்தமக்குத் தோன்றியவாறு எண் கொடுத்தனர். பலர் ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தனர். எடுத்துக்காட்டாக, பாமினி என்னும் எழுத்துருவில் ‘தமிழ்’ என்று நாம் காண்பது, கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் தமிழ் இராது. பொருளற்ற ஆங்கிலக் குப்பையே இருக்கும். ஓர் அச்சகத்தின் கோப்பு மற்றோர் அச்சகத்தில் பயன்படாது. ஒரு நாளிதழின் இணையப் பக்கத்தைப் படிக்க, அந்நாளிதழின் எழுத்துருவையே முதலில் தேடிப் பெற வேண்டும். வள்ளமும் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்ட நிலை மீண்டும் வந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் அயலகத் தமிழர்க்குப் பெரும்பங்கு உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலிருந்தே முரசு மென்பொருளை வளர்த்து வந்தார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை அளித்தார். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழி, தன்னார்வலர் பலர் துணையோடு சங்க இலக்கியம் முதலான நூல்களைத் தட்டச்சிட்டு உலகிற்கு இலவசமாக வழங்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமியைக் கவிஞர்களாகிய நாம் சிறப்பாக நினைக்க வேண்டும். அவர் பொறியாளர் அல்லர், சிறுகதை ஆசிரியர். 1995 அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழித் தொகுப்பொன்று இணையத்தில் வெளியிடப்பட்டபோது, அதன் தமிழ்க் கவிதைகள் தமிழெழுத்திலேயே தோன்ற அவர் பணி துணை நின்றது. இணையத்தில் தமிழ் தன் காலை ஊன்றிய தொடக்க நாள்களிலேயே அது கவிதையோடுதான் வந்தது என்பது நமக்குப் பெருமை தருவது. 1997இல் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடவும் அவரே முன்னின்றார். 1999இல் மறைந்தார்.

மாநாடுகளும் முறைகளும்

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதன் பயனாகத் தமிழ்99 என்னும் விசைப்பலகையும், டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளும் அரசின் ஏற்பைப் பெற்றன. டாம் தமிழுக்கு மட்டும். டாப் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுத. அதே காலத்தில் அயலகத் தமிழர் பலர் கூடி வகுத்த திஸ்கி என்னும் முறையும் பரவியிருந்தது. ஒரே தரப்பாடு வேண்டிக் கூடியவர்களுக்கு மூன்று தரப்பாடுகள் கிடைத்தன. 2000ஆம் ஆண்டில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றி, அனைவரையும் ஓரவையில் அமர்த்த முயன்றது.

இதற்கிடையே உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே அட்டவணையில் எண் வழங்கும் ஒருங்குறி, 1991இலேயே தன் முதற் பதிப்பை வெளியிட்டிருந்தது. அதில் தமிழுக்கும் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆனால் அந்த அமைப்பு, இந்திய எழுத்துகள் யாவற்றையும் ஒரே அச்சில் வார்த்த இஸ்கி என்னும் இந்திய அரசு முறையைப் பின்பற்றியது. தேவநாகரியின் வருக்க எழுத்துகளுக்குரிய இடங்கள் தமிழில் வெற்றிடங்களாயின. அகரமேறிய மெய்க்கு எண் கொடுத்து, அதன்மேல் புள்ளியிட்டு மெய்யாக்கும் முறையும் அதனுடன் வந்தது. தமிழ் இலக்கணத்தில் மெய்யே முதல். உயிர் ஏறியே உயிர்மெய். ‘க்’ என்பது ‘க’வினின்று குறைந்து வந்ததன்று. தமிழறிஞர் இதனைச் சுட்டியது நியாயமே.

இக்குறையை நீக்க, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்16 என்னும் முறையை வல்லுநர் வகுத்தனர். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. ஒருங்குறியே தரம், ஒருங்குறியை ஏற்காத மென்பொருள்களில் டேஸ்16 மாற்றுத் தரம் என்பது அவ்வாணையின் சாரம். ஒருங்குறி அட்டவணைக்குள் டேஸ்16 முறை இடம்பெறவில்லை. ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதுமில்லை, நீக்குவதுமில்லை என்பது ஒருங்குறியின் உறுதிமொழி. அவ்வுறுதி இல்லையேல் நேற்றெழுதியதை நாளை படிக்க இயலாது. தரப்பாடு ஏன் மெல்ல நகர்கிறது என்பதற்கு அடிப்படை விடை இதுவே. ஒரு பிழையைக் கூட்டிச் செய்தால் அதனோடு என்றென்றும் வாழ வேண்டும்; ஆகவே அங்கு அவசரம் ஆகாது.

2010இல் எழுந்த கிரந்தச் சிக்கல் இதனை நன்கு விளக்கும். கிரந்த எழுத்துகளுக்கு ஒருங்குறியில் இடம் தரும் முன்மொழிவில், எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழெழுத்துகளும் சேர்க்கப்பட்டிருந்தன. தமிழ்நாட்டிலிருந்து மறுப்பு எழுந்தது. அரசும் முடிவைத் தள்ளிவைக்கக் கோரியது. இறுதியில் 2014இல், அவ்வைந்து எழுத்துகளும் இன்றிக் கிரந்தம் தனித் தொகுதியாக இடம்பெற்றது. நான்காண்டுத் தாமதம் இங்குத் தீங்கன்று, காவல்.

மற்றொரு தாமதமோ வருந்தத்தக்கது. நம் முன்னோர் கணக்கேடுகளில் முந்திரி, காணி, மா, கால், அரை என்று எழுதிய பின்னக் குறிகளும், நிலம், நெல், பணம் பற்றிய சுருக்கக் குறிகளும் ஒருங்குறியில் சேர்ந்தது 2019இல். மொத்தம் 51 குறிகள். முதற் பதிப்பு வந்து 28 ஆண்டுகள் கழித்தே நம் ஊர்க் கணக்குப்பிள்ளையின் கையெழுத்துக் கணினியில் இடம் பெற்றது. அதற்குள் அக்குறிகளைப் படிக்கத் தெரிந்த முதியோர் பலர் மறைந்துவிட்டனர். கேட்பார் குறைவாயின் தரப்பாடு தாமதிக்கும். இது நாம் நெஞ்சில் கொள்ள வேண்டிய பாடம்.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று

இனி நம் வீட்டிற்குள் வருவோம். ஒருங்குறி வந்துவிட்டது, கைப்பேசியில் கவிதை எழுதுகிறோம், இனிச் சிக்கல் ஏது என்று எண்ண வேண்டா.

ஔவையார் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘ஔ’ என்பது ஒரே எழுத்து. அதற்கென ஓர் எண் உண்டு. ஆனால் பழைய தட்டச்சுப் பழக்கத்தால் பலர் ஒகரத்தை அடித்து, அதன்பின் ளகரத்தை அடித்து, ‘ஒளவை’ என்று எழுதிவிடுகின்றனர். அச்சில் பார்த்தால் வேறுபாடு தோன்றாது. கணினியோ அதனை ஒ, ள, வை என மூன்றெழுத்தாகவே படிக்கும். ஔவையாரைத் தேடுபவர்க்கு அப்பக்கம் அகப்படாது. ‘கௌ’ என்பதைக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதுவதும் அவ்வாறே. ரகர மெய்க்குப் பதிலாகக் காலை அடித்து அதன்மேல் புள்ளி வைப்பதும் பெருவழக்காக உள்ளது. அச்சில் அது ‘ர்’ போலவே தோன்றும். கணினிக்கு அது எழுத்தே அன்று. கண்ணை ஏமாற்றும் எழுத்துகள் நாளைய தேடலையும் ஏமாற்றும்.

அகர வரிசையிலும் இடர்ப்பாடு உண்டு. செய்யுள் நூல்களின் இறுதியில் முதற்குறிப்பு அகராதி சேர்ப்பது நம் மரபு. மலர், மழை, மறம், மனம் என்பதே தமிழ் நெடுங்கணக்கின் வரிசை. ஒருங்குறியின் எண்களை அப்படியே பின்பற்றி அடுக்கினால் மனம், மறம், மலர், மழை என்றே வரும். அங்கு னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்பதே காரணம். நெடுங்கணக்கின்படி அடுக்கும் விதியைத் தனியே கற்பித்த மென்பொருளே சரியாக அடுக்கும். அகராதி அச்சேறும் முன் ஒருமுறை கண்ணால் சரிபார்ப்பது நூலாசிரியரின் கடன்.

மூன்றாவது, நம் அச்சகங்களின் நிலை. பக்க வடிவமைப்புக்குப் பெரிதும் ஆண்ட பேஜ்மேக்கர் மென்பொருளின் இறுதிப் பதிப்பு 2001இல் வந்தது. தமிழ் ஒருங்குறியை அது அறியாது. அதன் வழிவந்த இன்டிசைன், 2012ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இந்திய எழுத்துகளை முறையாகக் காட்டுகிறது. எனினும் பழைய மென்பொருளையும் பழைய எழுத்துருவையும் விடாத அச்சகங்கள் பல. நாம் கைப்பேசியில் ஒருங்குறியில் அனுப்பும் கவிதையை அவர்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றுகின்றனர், அதிலேயே மெய்ப்புத் திருத்துகின்றனர், அதிலேயே சேமிக்கின்றனர். திருத்தமான இறுதி வடிவம் பழைய எழுத்துருவில் உறங்க, நம் கையில் இருப்பதோ பிழை மலிந்த முதல் வடிவம்.

நம் வட்டத்து மூத்த கவிஞர் ஒருவர் மறைந்தபின், அவர்தம் கவிதைகளைத் தொகுக்க முனைந்தபோது இதனை நேரில் கண்டோம். அச்சகத்தார் அன்போடு கோப்புகளைத் தந்தனர். திறந்து பார்த்தால் தமிழில்லை. மாற்றிகளில் இட்டுப் பார்த்தோம். சில பக்கங்கள் தமிழாயின. சில பக்கங்களில் கொம்புகள் இடம் மாறின, புள்ளிகள் உதிர்ந்தன. புள்ளி உதிர்ந்த வெண்பாவில் தளையை எங்கே தேடுவது? அச்சுப்படி கிடைத்த கவிதைகளை மீண்டும் தட்டச்சிட்டோம். அச்சேறாமல் கோப்பில் மட்டும் இருந்த சிலவற்றில், ஐயத்திற்கிடமான சொற்களை ஐயத்தோடே விட வேண்டியதாயிற்று. அவர் இருந்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் இந்நிலை என்றால், ஐம்பது ஆண்டுகள் கழித்து என்ன நிலை?

நாம் செய்யத் தக்கவை

தரப்பாடு ஏன் தாமதித்தது என்பதற்குச் சிலர் அரசைக் குறை கூறுவர். சிலர் வணிக நிறுவனங்களைக் கூறுவர். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் எழுத்தை வடிவமைத்த அவைகளில் எழுதுவோர் மிகக் குறைவாகவே இருந்தனர் என்பதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். கோவிந்தசாமி போன்றோர் விதிவிலக்கு. எழுத்தை மிகுதியாக ஆள்பவர் எவரோ, அவரே அதன் குறையை முதலில் உணர்வார். ஆகவே இவ்வாண்டு நிறைவில், வட்டத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: நம் பத்தாண்டு மலர்கள் அனைத்தும் ஒருங்குறியில் மீண்டும் எழுதப்பட்டு, அச்சுப்படியோடு ஒப்புநோக்கப்பட வேண்டும். மலர் ஒன்றுக்கு இருவர் பொறுப்பேற்றால் ஓராண்டில் முடியும்.

இரண்டு: இனி அச்சகத்தோடு உடன்படும்போதே, இறுதித் திருத்தம் பெற்ற கோப்பை ஒருங்குறியில் தர வேண்டும் என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். கேட்பவர் பலராயின் அச்சகத்தாரும் மாறுவர். அவர்கள் நம் பகைவர் அல்லர்.

மூன்று: ஔகாரம், ரகர மெய் ஆகியவற்றைத் தட்டச்சில் பிழையின்றி எழுத இளைய உறுப்பினர்க்குப் பயிற்சி தர வேண்டும். ஒற்றுப்பிழை களைவதில் காட்டும் கண்டிப்பை இங்கும் காட்டலாம்.

நான்கு: நம் பகுதியின் பழைய கணக்கேடுகள், கைப்பிரதிகள் எவர் வீட்டில் இருந்தாலும் படம் எடுத்து, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் போன்ற பொது இடத்தில் சேர்க்க வழி காண வேண்டும்.

அன்பர்களே! ஒரு தலைமுறை முன்மொழிய, அடுத்த தலைமுறை ஏற்க, மூன்றாம் தலைமுறையே தரப்பாட்டின் பயனை நுகர்கிறது. அத்தகைய பணியில் அவசரப்படுவோர் பிளவுபடுவர். அக்கறையற்றோர் அனைத்தையும் இழப்பர். அவசரமும் இன்றி அயர்வும் இன்றி நடப்போம். மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞரின் பாடல்களை இன்றும் நாம் பாட முடிகிறதென்றால், அவற்றைப் பிழையின்றி அச்சிட்டுக் காத்த பெயரறியாக் கைகள் பல உண்டு. நம் வட்டத்துக் கவிதைகளுக்கு அக்கைகள் நம்முடையனவே.

 வாழ்க தமிழ்!